இடுப்பளவு இரண்டு அங்குலம் குறைவு

அன்புள்ள மனைவிக்கு,

நானும் மகளும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால், மேற்படிப்பு படிக்கிறவள் நீ, நான் ஒன்று சொல்வதற்குள் நாலு கேள்வி கேட்பாய். எனக்கு நாக்குக் குழறும். கடிதமென்றால் நீ குறுக்கே பேச முடியாது, பார்.

நீ படிக்க வெளியூர் கிளம்பும்போது பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போன சாப்பாட்டு அட்டவணை இருக்கிறதே, எத்தனை கிராம் காய், எத்தனை மணிக்குப் பழம், சாப்பிட்டதும் எதிரே ஒரு டிக். எட்டாவதோடு நின்றவன் நான். அதனாலேயே ஒரு வரி பிசகாமல் செய்தேன். சின்னத் தராசு வாங்கி பீன்ஸைக்கூட நிறுத்துப் போட்டேன். தட்டை வைத்துவிட்டு நான் மிஷினில் உட்கார்ந்துவிடுவேன், டிக் போடும் வேலை நம் வாண்டுக்கு. மூன்று மாதமாக ஒரு கட்டம் காலியில்லை. வாராவாரம் படமெடுத்து உனக்கு அனுப்பிவிட்டு, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

போன வெள்ளிக்கிழமை அவளுக்கு யூனிபார்ம் பாவாடை தைக்க அளவெடுத்தேன். இடுப்பு இரண்டு அங்குலம் குறைவு. டேப்பில் கோளாறோ என்று வேறு டேப்பால் எடுத்தேன். பழைய அளவு நோட்டைப் புரட்டினேன். உயரம் கூடியிருக்கிறது, இடுப்பு இறங்கியிருக்கிறது. இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறேன், வளரும் பிள்ளைக்கு இப்படிப் பார்த்ததில்லை.

மறுநாள் வீட்டு வெட்டுத்துணி மூட்டையில் ஒரே நாற்றம். வாராவாரம் மூட்டையை எடுத்துப்போகிறவர் அந்த வாரம் வரவில்லை. எலி செத்துக் கிடக்கிறது என்று கொட்டினால் பீன்ஸ், முட்டை, ரொட்டி, எல்லாம் துணியில் சுற்றிச் சுற்றி வைத்திருக்கிறது.

கத்திவிட்டேன். அவள் அழவில்லை. “நீ நிறுக்கிறதப் பாத்தாலே வயித்தப் பெரட்டுதுப்பா. ஆனா டிக் இல்லன்னா அம்மா உன்னத்தானே திட்டுவாங்க, படிக்காதவன்கிட்ட விட்டா இப்படித்தான்னு” என்றாள். நீ போன புதிதில் ஒருநாள் போனில் சொன்னதுதான். ஸ்பீக்கரில் இருந்தது, அவள் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வலித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்காக ஏழு வயதுப் பிள்ளை அரைவயிறாகக் கிடந்ததுதான் தாங்கவில்லை. வேலையில் மனசு நிற்கவில்லை. நேற்று முன்தினம் ஒருவர் சட்டையில் பொத்தான் காஜாவைப் பக்கம் மாற்றிப் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

டாக்டரிடம் காட்டிவிட்டேன். ரத்தம் குறைவாக இருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிட்டால் தேறிவிடுவாள் என்றார். தராசைப் பரண்மேல் போட்டாயிற்று. நேற்று கடையில் நானும் காஜா போடுகிறவரும் சாப்பிடும்போது தானாக வந்து உட்கார்ந்து, என் டப்பாவிலிருந்து இரண்டு வாய் எடுத்தாள். நான் அவள் பக்கம் திரும்பவேயில்லை, திரும்பினால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

அட்டவணையை நான் கிழிக்கவில்லை, உன் கையெழுத்தாயிற்றே. நீ எழுதியது தப்பு என்று சொல்லுமளவுக்கு எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது எத்தனை டிக் என்று அவளிடம் கேட்காதே. பசிக்கிறதா என்று கேள். அது போதும்.

நன்றாகப் படி. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. பாவாடையை இன்னும் தைக்கவில்லை. பழைய இடுப்பளவுக்கே துணியை வெட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தையல்காரன்