கடைசி வில்லுக்காரி

ராயகிரி
12.6.2025

அன்புள்ள பொன்செல்விக்கு,

பேராச்சி எழுதுவது. போனில் என் நம்பரை அடைத்து வைத்திருக்கிறாய். தபால்காரரை அடைக்க முடியாதே, அதனால் இந்தக் கடுதாசி. நான் நலம். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சு வருகிறது, பாட்டு வரவில்லை. மூன்று வருஷத்தில் பழகிவிட்டது.

சங்கதிக்கு வருகிறேன். இலஞ்சியில் இசைக்கருவி அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். வீணை, தவில், முகவீணை, பக்கீர்கள் அடிக்கும் தாயிரா எல்லாம் கண்ணாடிக்குள். நடுவில் என் வில்லு! மணிகளைத் துலக்கி வைத்திருக்கிறார்கள், பார்க்கக் கண் கொள்ளாது. குடம்தான் கேவலம். பொறுப்பாளர் கிங்ஸ்லி ஏதோ சந்தைக் குடத்தை வாங்கி, கண்ணாடிக்குள் இடமில்லை என்று வெளியே வைத்திருக்கிறார். அருவிச் சீசனுக்கு வரும் கூட்டம் குப்பைத்தொட்டி என்று நினைத்து அதில் ரம்புட்டான் தோலைப் போடுகிறது.

பதினாறு வருஷம் என் வில்லுக்கு நீ அடித்த குடம் உன் வீட்டில் சும்மாதானே கிடக்கும்? கொடுத்துவிடு. பலகையில் உன் பேரையும் போடச் சொல்கிறேன். சின்ன எழுத்தானாலும் பேர் பேர்தானே.

இப்படிக்கு,
பேராச்சி


சுந்தரபாண்டியபுரம்
21.6.2025

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

பொன்செல்வியின் வணக்கம். குடம் சும்மா கிடக்கவில்லை. ஆடி முடியும்வரை ஒன்பது கோயில் கொடைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். வில்லில் உட்கார்ந்து பாடுவது இப்போது நான். தென்காசிப் பட்டறையில் வளைத்து வாங்கிய இரும்பு வில்லு.

உங்கள் கடிதம் கிடைத்த மறுநாளே என் குழுவோடு இலஞ்சிக்குப் போனேன். உங்கள் படத்துக்குக் கீழே, 'இந்த வட்டாரத்தின் கடைசி வில்லுப்பாட்டுக் கலைஞர்' என்று எழுதியிருக்கிறது. ஐந்து பேரும் அதன் முன்னால் நின்றோம். "அப்ப நாமெல்லாம் யாரு அக்கா?" என்று குடம் அடிக்கும் செந்தில்வேல் கேட்டான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கிங்ஸ்லியிடம் கேட்டால், "அந்த அம்மாதான் அப்படி எழுதச் சொன்னாவ" என்கிறார்.

உங்களுக்குப் பாட்டு நின்றபோது அந்த வில்லை நான் கேட்டேன். "ஏட்டி, குடம் அடிக்கிறவளுக்கு வில்லு எதுக்கு?" என்று ஊரார் முன்னால் கேட்டீர்கள். அதைக்கூட மன்னிப்பேன். நான் பாடிக்கொண்டிருக்கும்போதே இல்லை என்று எழுதி வைத்தீர்களே, அதை மன்னிக்க மாட்டேன். அந்தக் 'கடைசி' என்ற வார்த்தையை எடுங்கள். எடுக்கும்வரை எனக்கு எழுத வேண்டாம்.

பொன்செல்வி


ராயகிரி
27.6.2025

பொன்செல்வி,

ஒன்பது கொடை வந்துவிட்டால் ஆச்சா? நான் ஒரே ஆடியில் இருபது பாடியவள். இரும்பை வளைத்து வைத்துக்கொண்டு என்னிடமே சவாலா? வார்த்தை அங்கேதான் இருக்கும்.

பேராச்சி


ராயகிரி
24.7.2025

அன்புள்ள பொன்செல்விக்கு,

வார்த்தையை எடுத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இலஞ்சிக் கொடைக்கு வந்திருந்தேன். பூக்கடைக்குப் பின்னால் நின்றேன். குறை கண்டுபிடிக்கத்தான் வந்தேன், ஒளிப்பானேன்? நீ அம்மன் பிறப்பைப் பாட ஆரம்பித்தாய். பக்கத்தில் நின்ற ஒருத்தி, "இந்தப் பிள்ளை என்னமா பாடுதா! பழைய ஆளுக்கு இது ஒரு படி மேலதான்" என்றாள், என்னிடமே! கோபம் வரும் என்று பார்த்தேன். அழுகைதான் வந்தது. உண்மையைச் சொல்கிறேன். தொண்டை போனதும், என்னோடு எல்லாமே போகட்டும் என்று நினைத்தேன். என் தப்புதான். மன்னித்துக்கொள்.

மறுநாள் காலையில் கிங்ஸ்லியை ஸ்டூல் போட வைத்து, 'கடைசி' என்பதை என் கண் முன்னாலேயே சுரண்ட வைத்தேன். வில்லையும் கழற்றச் சொன்னேன். "அப்ப இங்கன எதை வைக்க?" என்றார். பொன்செல்வி இரும்பு வில்லைத் தருவாள் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது என் புத்திதான், திட்டாதே.

கொடையில் செந்தில்வேலைப் பார்த்துப் பேசினேன். குவைத் விசா வந்துவிட்டதாம், ஆடி இருபதோடு கிளம்புகிறானாம், நீ ஆள் தேடுகிறாயாம். வேறு யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதே. குடத்துக்குத் தொண்டை வேண்டாம். இரண்டு நாளாக வீட்டுக் குடத்தில் அடித்துப் பார்க்கிறேன். ஒன்று உடைந்து அடுக்களையெல்லாம் தண்ணீர்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வில்லோடு வருகிறேன். அது இனி உன் வில்லு. எனக்குத் தாளம் தப்பினால் ஊரார் முன்னாலேயே திட்டு. வாங்கிக்கொள்கிறேன்.

உன் வில்லுக்குக் குடம் அடிக்க வரும்,
பேராச்சி