நான் பயிற்சிக்கு வரவில்லை

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் எரிந்து விழுவாய், இருந்தாலும் கேட்பேன்.

ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்குகிறது என்றால் மருந்து சாப்பிடலாம். அதற்காகக் குதிரைக் கொட்டிலில் போய்த் தங்குவார்களா? பெண் வீட்டாரிடம் நீ வேலைப் பயிற்சிக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். இனி ஆம்புலன்ஸ் ஓட்டுகிற வேலையும் வேண்டாம். பெரியப்பா தன் அலுவலகத்திலேயே உனக்கு நாற்காலி வேலை பார்த்துவிட்டார். சத்தம் காட்டாமல் திரும்பி வா.

உன் நல்லதையே நினைக்கும்
அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்கா,

மருந்தும் சாப்பிடுகிறேன். டாக்டர்தான் இங்கே அனுப்பினார், குதிரையோடு பழகுவதும் மனசுக்கு ஒரு வைத்தியமாம். சவாரியெல்லாம் கிடையாது. குதிரையைத் தேய்த்துவிட வேண்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட நடக்க வேண்டும். மனநல ஆலோசகர் ஒருவர் பக்கத்திலேயே இருப்பார். எனக்கு வாய்த்த பெண் குதிரைக்கு 'மகாராணி' என்று பெயர் வைத்தேன், பார்வை அப்படி. முதல் நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் நகர்ந்துவிட்டது. "மூச்ச ஏன் புடிச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார் ஆலோசகர். அவர் கேட்கும்வரை எனக்கே தெரியாது.

நேற்று ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. மகாராணி மிரண்டது. எனக்கோ அந்தப் பாலம், கவிழ்ந்த பஸ், என் வண்டியிலேயே உயிர்விட்ட அந்தப் பெண்மணி எல்லாம் கண்முன்னே வந்துவிட்டது. ஓடப் பார்த்தேன். "அதுக்கும் பயம்தான். ரெண்டு பேரும் சேர்ந்து நில்லுங்க," என்றார் ஆலோசகர். நின்றோம். அது தலையைத் தாழ்த்திப் பெருமூச்சு விட்டது. விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக நான் வாய்விட்டு அழுதேன்.

இதில் எனக்கு வெட்கமில்லை, அக்கா. நான் பயிற்சிக்கு வரவில்லை, சிகிச்சைக்கு வந்திருக்கிறேன். நீ எனக்குப் பார்த்திருக்கும் பெண்ணுக்கும் அப்படியே எழுதிவிட்டேன்.

உன் தம்பி

மார்ச் 14

அடப்பாவி,

என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டாயே! ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வருகிறார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர் எதிரில் நிற்பேன்?

அக்கா

மார்ச் 18

அக்கா,

உனக்கு இருக்கிற முகத்தோடேயே நில். கால் உடைந்திருந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றியிருப்பேன். நீயும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருப்பாய். இதை மட்டும் ஏன் மூடி வைக்க வேண்டும்?

நேற்று கொட்டில் வாசலிலிருந்து மெயின் ரோடு வரை கார் ஓட்டினேன். கை நடுங்கத்தான் செய்தது. ஓட்டினேன். மறுபடியும் ஆம்புலன்ஸ்தான் ஓட்டுவேன். 'பயிற்சி' என்று இன்னொரு தடவை யாரிடமாவது சொன்னாயானால், எனக்கு இனிமேல் எழுதாதே.

தம்பி

மார்ச் 23

என் தம்பிக்கு,

பெரியப்பா வந்தார். பெண் வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்களாம். "குதிரைகிட்ட போய் அழறவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்று சிரித்தார். வழக்கம்போல் நானும் சிரித்து மழுப்பியிருக்கலாம். முடியவில்லை.

"சாகக் கெடந்தவங்கள தூக்கிட்டு ஓடினவன் அவன். அவனுக்கு மனசு வலிக்குது, வைத்தியம் பாத்துக்கறான். அதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று கேட்டேன். நாற்காலி வேலையையும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். போகட்டும்.

பீரோவின் அடியில் நான் திணித்து வைத்திருந்த உன் ஆம்புலன்ஸ் சீருடையை எடுத்துத் துவைத்து, இஸ்திரி போட்டுவிட்டேன். சனிக்கிழமை கொண்டுவருகிறேன். பஸ்ஸில் பக்கத்தில் யார் கேட்டாலும் எங்கே போகிறேன் என்று சொல்வேன்.

உன்
அக்கா