மேஜர் காத்திருந்த முதல் வாய்

12-1-70, திங்கள்

நாய்க் கொட்டகைக்குப் புதுக் கீற்று போட்டாயிற்று. திருத்துறைப்பூண்டியில் மட்டுமல்ல, திருச்சி வரைக்கும் இப்படி ஒரு நாய் விடுதி கிடையாது. மெட்ராசில் ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள். நான் பார்த்ததில்லை, அதனால் இல்லை.

அறுவடைக் கூலித் தகராறு முற்ற முற்ற மிராசுதார்கள் குடும்பத்தோடு பட்டணம் கிளம்புகிறார்கள். லாரியில் பீரோவுக்கு இடம் இருக்கிறது, நாய்க்கு இல்லை. நாய் என்னிடம் வருகிறது. இன்றைய தேதியில் ஐந்து. எல்லாம் மாட்டாஸ்பத்திரியில் ஏழு வருஷம் கம்பவுண்டராக இருந்த கைராசி. பெண்டாட்டி கமலவல்லி படித்தால், "பாட்டில் கழுவுன கைராசி" என்பாள். நல்லவேளை, அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்தது ஐந்தாவதுதான், ஆனால் அந்தக் காலத்து ஐந்தாவது.

16-1-70, வெள்ளி

பொங்கல் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கதிர் முற்றித் தலை சாய்ந்து கிடக்கிறது, அறுக்க ஆள் இறங்கவில்லை. வரப்பில் ஒரு பக்கம் செங்கொடி, மறுபக்கம் போலீஸ் லாரி.

மதியம் துரைராசு மிராசுதார் காரில் வந்து இறங்கினார். கூடவே மேஜர். ராஜபாளையத்து நாய், பால் வெள்ளை, கன்றுக்குட்டி உயரம். (நாகநாதன் டீக்கடையில் இரண்டு கன்றுக்குட்டி உயரம் என்று சொல்லிவைத்தேன்.)

"பத்து நாள் பாத்துக்க காயாரோகணம். இது யாரு வச்சாலும் திங்காது. கறியில வெசம் வச்சுப் போடுறானுவன்னு அப்புடிப் பழக்கியிருக்கு. அதுக்கு ஒரு முறை இருக்கு, என்னன்னா—"

"எனக்கேவா முறை சொல்றீங்க! இந்தக் காயாரோகணம் கையில திங்காத நாயி இனிமேதாங்க பொறக்கணும்."

சிரித்துவிட்டார். டிரைவர் ஹாரன் அடித்தான். கார் போய்விட்டது.

18-1-70

சாப்பிடவில்லை. புது இடம். பசித்தால் தானாக வரும்.

20-1-70

ஆட்டுக்குடல் வேகவைத்துப் போட்டேன். மற்ற ஐந்தும் சங்கிலியை அறுக்கப் பார்த்தன. மேஜர் தட்டைப் பார்த்தது, பிறகு என் முகத்தைப் பார்த்தது. நான் எதையோ செய்யவேண்டும், அதற்காகக் காத்திருக்கிறது என்பது போல ஒரு பார்வை. என்ன செய்யவேண்டும்? தண்ணீர் மட்டும் குடிக்கிறது.

22-1-70

இன்று மேஜர் முழுத் தட்டும் சாப்பிட்டது! மடியில் போட்டு நானே ஊட்டினேன். டீக்கடையில் நாகநாதன், "மாமான்னா மாமாதான்" என்றான்.

23-1-70

நேற்று எழுதியது பொய். டீக்கடையில் சொன்ன வேகத்தில் இங்கேயும் எழுதிவிட்டேன். தட்டில் இருந்தது கோழிகளுக்குப் போயிற்று.

விலா எலும்பை எண்ணலாம். மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கூட்டிவந்து காட்டினேன். "சீக்கு ஒண்ணுமில்ல, பட்டினிதான்" என்று ஒரு ஊசி போட்டுவிட்டுப் போனார். மெட்ராஸ் விலாசம்கூட வாங்கி வைக்கவில்லை. அந்த மனுஷன் சொல்ல வந்தாரே — வாயை மூடிக்கொண்டு கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் எனக்கு?

24-1-70

நாகநாதனிடம் உண்மையைச் சொல்லவேண்டி வந்தது. அவன் சிரிக்கவில்லை, அதுவே கஷ்டமாக இருந்தது.

"அதுக்கு மிராசுதாரா மாமா சோறு வச்சாரு? பண்ணையாளு வீரையன்ல வப்பான். செங்கொடி புடிச்சான்னு பொங்கலுக்கு முந்துன வாரம்தான் அவன நிறுத்துனாங்க. அவனப் போயிக் கேளுங்க."

25-1-70, ஞாயிறு

வீரையன் இருக்கும் தெருவுக்கு நான் போனதே இல்லை. இன்று போனேன். வீட்டு வாசலில் அவன் பெண்டாட்டி நின்றாள். விஷயத்தைச் சொன்னேன்.

"நாயி ஒம்போது நாளா திங்கலன்னு இம்மாந்தூரம் வந்தீங்களா? அப்புடியே இந்தத் தெருவுல யாரு யாரு எத்தினி நாளா திங்கலன்னும் ஒரு எட்டு கேட்டுட்டுப் போங்க."

தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். நான்!

"சும்மா இரு புள்ள" என்று வீரையன் வெளியே வந்தான். மேஜர் என்றதும் முகம் மாறிவிட்டது.

"தட்டுல மொத வாயி நான் திங்கணுங்க. ஆண்டை நின்னு பாப்பாரு. வெசம் கலந்திருந்தா மொதல்ல எனக்குத்தான தெரியும்? நான் முழுங்குன பொறவுதான் அது வாய் வைக்கும். நாலு வருசமா ஒரே தட்டுதான் எங்களுக்கு."

இதை ஏதோ பழைய சிநேகிதனைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னான். ஒரு தடவை வந்து சாப்பிட வைத்துவிட்டுப் போ என்றேன். வாசலைத் தாண்டி ஓரடி வைத்தவன் நின்றுவிட்டான்.

"பண்ணை வேலைக்குப் போவமாட்டேன்னு சங்கத்துல சத்தியம் பண்ணியிருக்கேங்க. பண்ணை நாயிக்குச் சோறு வச்சான்னா இவங்க மூஞ்சியில நான் எப்புடி முழிப்பேன்? நீங்க ஒரு வாயி தின்னுங்கய்யா, போதும். யாரு தின்னாலும் அது நம்பும்."

26-1-70

நாய்த் தட்டில் — நானா? கொட்டகைக்கு வேலி கிடையாது, தெருவில் போகிறவன் எல்லாம் பார்ப்பான்.

ஒரு கவளம் எடுத்து வாயருகே கொண்டுபோய், மென்றது போல் செய்து, பின்னால் போட்டுவிட்டேன். அது என் தொண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. தலையைத் திருப்பிக்கொண்டது.

27-1-70

தனி இலையில் போட்டு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டினேன். நடக்கவில்லை. அந்தத் தட்டிலேயேதான் எடுக்கவேண்டும். தாலுகாவையே நம்பவைத்தவன் நான், ஒரு நாயை ஏய்க்க முடியவில்லை.

28-1-70

மேஜர் இன்று எழுந்திருக்கவே இல்லை.

கமலவல்லி தட்டைக் கையில் எடுத்துவிட்டாள். "ஒரு வாய்தானே? தள்ளுங்க, நான் திங்கிறேன்."

பிடுங்கிவிட்டேன். "காயாரோகணம் பொண்டாட்டி நாய்த் தட்டுல தின்னான்னு ஊரு சிரிக்கவா?" என்று கத்தினேன். அவள் உள்ளே போய்விட்டாள். ராத்திரி எனக்குச் சோறு வைத்தாள், அவள் சாப்பிடவில்லை.

29-1-70

காலையில் பழையசோற்றைப் பிசைந்து அதே தட்டில் வைத்தேன். அதிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டேன். தெருவில் நாலு பேர் நின்றார்கள். நிற்கட்டும். உப்பில்லாத சோறு. ஒரு வாய்தான், இவ்வளவுதான். இதற்கா மூன்று நாள்?

மேஜர் தலையைத் தூக்கியது. முன்னங்காலை ஊன்றி, விழுந்து, மறுபடி ஊன்றி என்னிடம் வந்தது. என் வாயை மோந்து பார்த்தது. பிறகு தட்டில் வாய் வைத்தது. வாலை ஒரு தரம் ஆட்டியது, நான் பார்த்தேன்.

இரண்டு வாய் இறங்கியது. அப்புறம் எல்லாம் வெளியே வந்துவிட்டது. டாக்டரிடம் ஓடினேன். "இம்மாம் நாளு கழிச்சுச் சோறா வைக்கிறது? ஒரு மூணு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதாய்யா" என்றார்.

30-1-70

காலை ஏழு மணிக்கு அடங்கிவிட்டது. தலை என் கால்மேல்தான் இருந்தது.

9-2-70

மெட்ராசிலிருந்து மிராசுதார் கார்டு போட்டிருக்கிறார். நிலத்தை மச்சான் பேருக்கு மாற்றிவிட்டாராம். இனி ஊருக்கு வருவதாக இல்லை. 'நாயை யாருக்காவது கொடுத்துவிடு. இல்லாவிட்டால் அவிழ்த்து விட்டுவிடு, எங்கேயாவது பிழைத்துக்கொள்ளும்.'

பதில் போடவில்லை.

15-2-70, ஞாயிறு

கூலித் தகராறு முடிந்துவிட்டது. கூலியில் அரைப் படி நெல் கூட்டியிருக்கிறார்கள். நேற்றிலிருந்து வயலில் ஆள் இறங்கியாயிற்று.

சாயங்காலம் வீரையன் வந்தான். காலில் இன்னும் சேறு காயவில்லை. கொட்டகையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துவிட்டு, "மேஜரு எங்கங்க? ஆண்டை வந்து கூட்டிக்கிட்டாரா?" என்றான்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாக்கு என் நாக்கு அல்லவா.

"பாம்பு கடிச்சிடுச்சு வீரையா. நல்ல பாம்பு. ஒரு நிமிசம்கூட இல்ல."

"அய்யோ" என்று உட்கார்ந்துவிட்டான். நிமிர்ந்து, "அதுக்கு மின்ன தின்னுச்சுங்களா?" என்று கேட்டான்.

"திங்காம? நீ சொன்ன அன்னிக்கே வந்து ஒரு வாயி தின்னேன். அவ்வளவுதான், புடிச்சுக்கிச்சு. தெனம் ரெண்டு தட்டு. கடைசி நாளு ஆட்டுக்குடல்."

"அப்ப பசியோட போவல."

"சே சே."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நான் வந்திருக்கணுங்கய்யா. வராம இருந்துட்டமேன்னு ராவெல்லாம் தூக்கம் இல்ல. நீங்க பாத்துக்கிட்டீங்க, நல்லா இருப்பீங்க" என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

இந்த ஊரில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ அளந்திருக்கிறேன். யாரும் பாதிக்குமேல் நம்பியதில்லை. அந்தப் பாதியே எனக்குப் போதுமாக இருந்தது. இவன் முழுசாக நம்பிவிட்டுப் போகிறான்.