ஒரு நிமிடத்துக்கு எத்தனை குமிழி

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆடிக் காற்று. பேருந்தின் ஜன்னலை அடைத்தும் வாயெல்லாம் மண். சின்னாளபட்டியிலிருந்து திண்டுக்கல் வருவதற்குள் எண்ணெய் வைத்த தலை செம்பட்டையாகிவிட்டது. வேதியியல் தேர்வில் 41/50. கவனக்குறைவு.

கெட்ட செய்தி: மீன்தொட்டிக்கு ஆபத்து.

பள்ளியின் முன் தாழ்வாரத்தில் இருக்கும் ஐந்தடித் தொட்டி. பழைய மாணவிகள் கொடுத்தது. பத்தாம் வகுப்பிலிருந்து அதற்கு நான் பொறுப்பு. தாவரவியல் டீச்சர் ஒப்படைத்தார். மீன்கள் நலம். செடிகள்தான் சாகின்றன. வாலிஸ்னேரியா (நாடா மாதிரி நீளமாக வளரும் புல்) முழுக்கப் பழுப்பு. அகன்ற இலைச் செடியில் புது இலை வந்து ஒரு மாதத்துக்கு மேல்.

இன்று காலை பி.டி. டீச்சர் தொட்டியைச் சாண் போட்டு அளந்தார். நான் பார்ப்பது தெரிந்தும் அளந்தார். கபடிக் குழு வாங்கிய கோப்பைகளை வைக்கக் கண்ணாடிப் பெட்டி வேண்டுமாம். அந்தக் கோப்பைகள் இப்போது ஸ்டோர் ரூமில் அரிசிச் சாக்கில். உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன், பினாயில் கேனுக்குப் பக்கத்தில்.

கபடித் தலைவி ஜெயந்தி. என் பெஞ்சில் எனக்கு இடப்பக்கம் உட்காருபவள். மதியம் என் கோவைக்காய் வெஞ்சனத்தில் பாதியை எடுத்துக்கொண்டே கேட்டாள்: “உன் பாசிக்குக் கண்ணாடி மாளிகை, எங்க கப்புக்குச் சாக்கு. நல்லாருக்காடி நியாயம்?”

பாசி இல்லை, செடி என்றேன்.

மாலை தலைமை ஆசிரியை (இனி த.ஆ.) எங்கள் இருவரையும் டீச்சர்களையும் வைத்துச் சொன்னது: சுதந்திர தினத்துக்கு விருந்தினர் வருகிறார்கள். 13ஆம் தேதி வந்து பார்ப்பார். செடி பிழைக்கும் என்று தெரிந்தால் தொட்டி இருக்கும். இல்லையென்றால் மீன்களை யாருக்காவது கொடுத்துவிட்டுக் கோப்பைகள். விளக்குதான் காரணம் என்றால் 1500 ரூபாய்க்குள் வாங்கிக்கொள்ளலாம்.

பன்னிரண்டு நாள்.

ஆகஸ்ட் 2, சனி

அரைநாள் பள்ளி. காற்று குறையவில்லை.

அளவு எடுத்தேன். 150 × 45 × 60 செ.மீ. = 405 லிட்டர். மண்ணும் கல்லும் போக 350 இருக்கலாம். இத்தனைக்கும் சேர்த்து மேலே ஒரே ஒரு பழைய ட்யூப், 20 வாட். அதன் இரண்டு முனையும் கறுப்பு. தரைவரை வெளிச்சம் போகவே இல்லை. அதனால்தான் புல் மேலே மட்டும் கொஞ்சம் பச்சை. இதை ஏன் ஒரு வருடமாகப் பார்க்கவில்லை? உரம், தண்ணீர், வேர் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன்.

வண்ணமீன் கடையில் ஐந்தடிச் செடித்தொட்டிக்கான விளக்கின் விலை கேட்டேன். கேட்டுவிட்டு உடனே மீன் உணவு விலையும் கேட்டேன், வாங்க வந்ததே அதற்குத்தான் என்பதுபோல. கடைக்காரர் சிரித்தார். எங்கள் ஆயிரத்தைந்நூறைப் போல ஆறு மடங்கு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. தேங்காய்ச் சாதம், புளிச் சாதம், எலுமிச்சைச் சாதம். அப்பா தறியில் உட்காரவில்லை. அம்மாவுக்கு ஓய்வில்லை, ஆடித் தள்ளுபடி என்று முன்னறையில் சேலை வாங்க ஆட்கள்.

யோசனை வந்தது அங்கேதான். நெய்கிற சேலையை வீட்டிலேயே விற்கும் எங்களுக்கு விளக்கு சாதாரண விஷயம் இல்லை. போன தீபாவளிக்கு ஒருவர் செங்கல் நிறச் சேலை என்று வாங்கிப்போய் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார். வீட்டில் பிரித்தால் அரக்காம். சாயத்தில் குறையில்லை, எங்கள் பல்பில்தான். அதன்பிறகு அம்மா பல கடை ஏறி, நிறத்தை உள்ளபடி காட்டுகிற விளக்கு ஒன்று வாங்கி மாட்டினார். அதன் கீழே அரக்கு அரக்காகவே இருக்கிறது.

சிவப்பு சிவப்பாகத் தெரிந்தால் அந்த விளக்கில் சிவப்பு ஒளி இருக்கிறது என்றுதானே பொருள்? செடிக்குச் சிவப்பும் நீலமும் வேண்டும், பாடத்திலேயே இருக்கிறது. அப்படியானால் எந்த விளக்கு நல்லது என்று பார்க்க எனக்குக் கருவியே வேண்டாம். நூல் போதும்.

அப்பாவின் மிச்ச நூலில் நான்கு துண்டு எடுத்துவைத்தேன்: அரக்கு, குங்குமச் சிவப்பு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து.

ஆகஸ்ட் 4, திங்கள்

பள்ளி முடிந்ததும் பேகம்பூர். எலெக்ட்ரிக்கல் கடை. ஜெயந்தியும் வந்தாள், கடைக்குப் பக்கத்தில் சமோசா நன்றாக இருக்குமாம்.

கடைக்கார பாய் ஒவ்வொரு விளக்காக எரியவிட, நான் நூலைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். அவர் பொறுமையானவர். ஐந்தாவது விளக்கின்போது, பாப்பா கல்யாண ஜவுளி எடுக்கிறதா, மீன்தொட்டிக்கு எடுக்கிறதா என்று ஜெயந்தியிடம் கேட்டார். “மீனுக்குத்தான் கல்யாணம் பாய்,” என்றாள் அவள்.

பாய் சொன்னது: “தண்ணி ரெண்டடி ஆழம்னா ஃபோகஸ் லைட்டு வாங்கிப் போடும்மா. அம்பது வாட்டு. மழையில கெடந்தாலும் ஒண்ணும் ஆகாது.” லாரி செட்டில், கோயில் திருவிழாவில் கம்பத்தில் மாட்டுவார்களே, அந்த விளக்கு. எரியவிட்டார். கண் கூசியது. நூலைக் காட்டினேன். அரக்கு செத்துப்போய்ச் செங்கல். மயில்கழுத்து ஏதோ சாம்பல்.

வேண்டாம் என்றேன். அம்மா வைத்திருக்கும் வகை விளக்கும் அங்கே இருந்தது, 20 வாட். விலை ஏறக்குறைய ஃபோகஸ் லைட்டின் விலையேதான், எழுநூறு சொச்சம். இரண்டு வாங்கலாம். உடனே வாங்காமல், முதலில் அம்மாவினுடையதைக் கேட்டு மாட்டிப் பார்ப்பது என்று முடிவு.

சமோசா உண்மையிலேயே நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அம்மா ஒரு நாளைக்குத்தான் தருவேன் என்றார். துண்டில் சுற்றிப் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

மாட்டியதும் நான் அப்படியே நின்றுவிட்டேன். மாலி மீன் அடுப்புத் தணல் நிறம். கூழாங்கல்லில்கூட இளஞ்சிவப்புக் கோடுகள், இதுவரை நான் பார்க்காதவை. பழுத்த இலைகூட ஏதோ பொன் மாதிரி.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கூட்டமாக. த.ஆ. அந்த வழியே போனவர் நின்றார். “இது நல்லாருக்கே. இதையே போட்டுருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெயந்தி தண்ணீர் குடிக்கப் போனாள்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று எழுதத்தான் இந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஆனால் ஒன்று உறுத்துகிறது. த.ஆ.வுக்குப் பிடித்தது. எனக்குப் பிடித்தது. செடியை யார் கேட்டது?

ஆகஸ்ட் 6, புதன்

மேகம், மழை இல்லை. கணக்கு வீட்டுப்பாடம் பாக்கி.

தாவரவியல் டீச்சரிடம் கேட்டேன்: செடிக்குப் பிடித்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டே, போன வருடம் ஹைட்ரில்லா சோதனைக்கு எத்தனை மதிப்பெண் வாங்கினாய் என்றார். முழு மதிப்பெண். “வாங்குனா மட்டும் போதுமா? செய்யி.”

இரண்டு வகுப்பு நேரம் கழித்துத்தான் உறைத்தது. ஹைட்ரில்லாக் கொடியை நீரில் வைத்து, மேலே புனலைக் கவிழ்த்து, அதற்கும் மேலே சோதனைக்குழாய். வெளிச்சம் பட்டால் வெட்டிய தண்டிலிருந்து ஆக்ஸிஜன் குமிழி வரும். அதிக ஒளிச்சேர்க்கை, அதிகக் குமிழி. விளக்குக்கு விளக்கு குமிழியை எண்ணினால் செடியே பதில் சொல்லிவிடும். தேர்வுக்காகப் படம் வரைந்து பாகம் குறித்தேனே தவிர, இது எதற்காவது உதவும் என்று நினைக்கவே இல்லை. வெட்கம்.

ஆனால் யார் எண்ணுவது? நான் எண்ணினால் பி.டி. டீச்சர் நம்பமாட்டார். அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். தொட்டி வேண்டும் என்று நினைப்பவர் எண்ணக் கூடாது.

ஜெயந்தியைக் கேட்டேன். கபடியில் ஒரு முறை பாடிப்போக முப்பது விநாடி. அதை மனதுக்குள்ளேயே தப்பாமல் எண்ணுபவள்.

“எனக்கு என்ன கெடைக்கும்?”

ஒன்றும் கிடைக்காது என்றேன். சிரித்தாள். “சரி, வாரேன்.”

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆய்வகம். மதிய இடைவேளையும் அதற்குப் பிறகு விளையாட்டு வகுப்பும். சாப்பிடவில்லை, பசி தெரியவுமில்லை.

ஜன்னல்களை அடைத்தோம். பீக்கர் தரையில், விளக்கு 60 செ.மீ. உயரத்தில் (தொட்டியின் ஆழம்). ஒரே கொடி. தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா. ஒவ்வொரு விளக்குக்கும் ஐந்து நிமிடம் காத்திருந்து, பிறகு ஒரு நிமிடக் குமிழியை மூன்று முறை எண்ணிச் சராசரி. ஃபோகஸ் லைட்டை பாய் ஒரு நாளைக்கு இரவலாகக் கொடுத்தார். அம்மாவின் விளக்குக்கு இரண்டாவது முறை கெஞ்ச வேண்டியிருந்தது.

நான் கடிகாரம். ஜெயந்தி தரையில் குப்புறப் படுத்து, மூக்கு பீக்கரைத் தொட, எண்ணினாள். மூச்சு விடுகிறாளா என்றே தெரியவில்லை.

பழைய ட்யூப்: 6
அம்மாவின் விளக்கு: 13
ஃபோகஸ் லைட்: 34

இன்னொரு முறை எண்ணச் சொன்னேன். 33. கொடி களைத்திருக்குமோ என்று அம்மாவின் விளக்கையே மறுபடி வைத்தோம். 13.

தாவரவியல் டீச்சர் வந்து அட்டவணையைப் பார்த்தார். இருபது வாட்டையும் ஐம்பது வாட்டையும் ஒப்பிடுவது சரியா என்று கேட்டார். என் கேள்வி எந்த விளக்கு சிறந்தது என்பதல்ல, ஒரே விலைக்கு எது செடிக்கு அதிகம் தருகிறது என்பது என்றேன். அப்படியானால் அதையே தலைப்பாக எழுது என்றார்.

ஆக, நான் தவறு செய்திருக்கிறேன். நிறம் சரியாகத் தெரிவதும் ஒளி போதுமான அளவு இருப்பதும் ஒன்றல்ல. சேலைக்கு நிறம் உண்மையாகத் தெரிய வேண்டும். செடி சேலை வாங்க வரவில்லை. எங்கள் வீட்டுக் கண்ணை வைத்துச் செடிக்கு விளக்குத் தேடியிருக்கிறேன்.

கொடியைக் கழுவும்போது ஜெயந்தி சொன்னாள்: “பேசாம அந்த அழகு லைட்டையே போடு. ஹெச்.எம்முக்கும் புடிச்சிருக்கு. அரையாண்டுக்குள்ள செடி செத்துரும், எங்களுக்குப் பெட்டி கெடைச்சிரும். ரெண்டு பேருக்கும் சந்தோஷம்.”

கிண்டல்தான். ஆனால் நான் அதையே ஒரு நிமிடம் யோசித்தேன். பதிமூன்றாம் தேதிக்கு மட்டும் அம்மாவின் விளக்கு. பிறகு மாற்றிக்கொள்ளலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

ஜெயந்திக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஃபோகஸ் லைட் இரண்டு. பாய் தாமே வந்து இரும்புச் சட்டம் அடித்து மாட்டினார். எர்த் இல்லாமல் தண்ணீருக்கு மேலே எதையும் மாட்டமாட்டேன் என்று மூன்று பின் ப்ளக் போட்டார். அது நல்லது. காலை 9 முதல் மாலை 4 வரை எரிய வேண்டும்; அதற்கு மேல் எரிந்தால் கண்ணாடியில் பாசி.

மீன்கள் வெளுத்துவிட்டன. மாலி இப்போது பழைய செங்கல். தொட்டி மருத்துவமனை வராண்டா போல இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்து, “அக்கா, முந்தி நல்லாருந்துச்சே” என்றாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சனியும் ஞாயிறும் பள்ளி இல்லை. தொட்டி நினைப்பாகவே இருந்தேன். இயற்பியலில் அலகு 3 முடிந்தது. அம்மாவுக்குச் சேலை மடித்துக் கொடுத்தேன், விளக்குக் கடனுக்காக.

காலையில் ஓடிப்போய்ப் பார்த்தேன். பழுத்த இலைகள் அப்படியே. புது இலை எதுவும் இல்லை. மூன்று நாளில் என்ன எதிர்பார்த்தேன்? ஆனால் பதினொன்றரை மணிக்கு, இடைவேளையில், புல்லின் நுனியில் மணி மணியாக. முதலில் காற்றுக் குழாயின் குமிழி என்று நினைத்து அதை நிறுத்திப் பார்த்தேன். அப்போதும் வந்தது. இலையிலிருந்தே கிளம்பி, நூல் பிடித்த மாதிரி நேராக மேலே.

யாரிடமும் சொல்லவில்லை. சிறிது நேரம் என்னுடையதாகவே இருக்கட்டும் என்று.

ஆகஸ்ட் 13, புதன்

வெயில். அணிவகுப்புப் பயிற்சி. பாண்டு வாத்தியத்தில் ஒரு டிரம் கிழிந்துவிட்டது.

த.ஆ. 11.40க்கு வந்தார். பி.டி. டீச்சர், தாவரவியல் டீச்சர், நான்.

முதல் கேள்வியே நான் பயந்ததுதான். “முன்னாடி ஒரு லைட்டு மாட்டிருந்தியே, அது எங்க? மீனெல்லாம் வெளிறிப்போய்க் கெடக்கு.”

அட்டவணையைக் காட்டினேன். அது பார்க்க அழகு, இது செடிக்கு உயிர் என்று சொன்னேன். அழகானதை மாட்டினால் நாளை மறுநாள் விருந்தினருக்கு நன்றாக இருக்கும், அரையாண்டுக்குள் தொட்டி காலியாகும் என்றும் சொன்னேன். இதைச் சொல்ல வேண்டும் என்று திட்டமிடவில்லை.

பி.டி. டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். கோபமாக இல்லை. “நீயே எண்ணி நீயே எழுதுனா எப்புடிம்மா?”

ஜெயந்தி எண்ணினாள் என்றேன். அவருக்கு ஆச்சரியம். த.ஆ. ஆள் அனுப்பினார். மைதானத்திலிருந்து வந்தாள், முழங்காலெல்லாம் மண்.

“நீயா எண்ணுன?” என்றார் த.ஆ.

“ஆமா மிஸ்.”

“எம்புட்டு?”

“பழைய ட்யூப்புக்கு ஆறு. அழகு லைட்டுக்குப் பதிமூணு. இதுக்கு முப்பத்திநாலு. மறுக்கா எண்ணயில முப்பத்திமூணு.”

“அப்ப இதப் போட்டா செடி பொழைக்குமா?”

ஜெயந்தி தொட்டியைப் பார்த்தாள். பிறகு பி.டி. டீச்சரைப் பார்த்தாள். தெரியாது மிஸ் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யாகவும் இருந்திருக்காது. அவள் எண்ணத்தானே செய்தாள்.

“பொழைக்கும் மிஸ்,” என்றாள்.

தொட்டி இருக்கட்டும் என்றார் த.ஆ. எல்லோரும் கலைந்துவிட்டார்கள். ஜெயந்தி மைதானத்துக்கு ஓடிவிட்டாள். நன்றி சொல்ல வாய் திறப்பதற்குள்.

மதியச் சாப்பாட்டுக்கு அவள் வரவில்லை. என் வெஞ்சனம் முழுதும் எனக்கே.

ஆகஸ்ட் 14, வியாழன்

தாழ்வாரமெல்லாம் காகிதக் கொடி. பசை நாற்றம். ஸ்டோர் ரூமிலிருந்து நாற்காலி எடுக்க எங்கள் வகுப்பை அனுப்பினார்கள். சாக்கு அதே இடத்தில். அதன்மேல் யாரோ கிழிந்த டிரம்மை வைத்திருந்தார்கள். ஒரு கோப்பையின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, வளைந்து.

ஜெயந்தி டிரம்மை எடுத்துக் கீழே வைத்தாள். “உன் செடி பொழச்சிருச்சு,” என்றாள். “எங்க கப்பு இன்னமும் சாக்குலதான்.”

சண்டைக்காகச் சொல்லவில்லை. எண்ணிச் சொல்கிற மாதிரியே சொன்னாள்.

தையல் டீச்சரிடம் போய் அளவு நாடா வாங்கிவந்தேன். தொட்டிக்கு எதிர்ச்சுவரில் பழைய சுற்றறிக்கைப் பலகை ஒன்றுதான்; அதை யாரும் படிப்பதில்லை. பலகையைக் கழற்றினால் அகலம் ஏழு அடி இரண்டு அங்குலம். கோப்பைப் பெட்டியின் ஆழம் ஓர் அடி இருந்தாலும் நடக்க வழி இருக்கும். நாடாவின் மறுமுனையை ஜெயந்தி பிடித்தாள். முதலில் தொளதொளவென்று, பிறகு இழுத்து.

நாளை கொடியேற்றம் முடிந்ததும் த.ஆ.விடம் கேட்க வேண்டும். அவள் கேட்பதா, நான் கேட்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை. நான்தான் கேட்க வேண்டும் என்கிறாள்.