இடப்பக்கம் மறந்த டீச்சர்

மார்ச் 3, செவ்வாய்

காலை யோகா வகுப்பில் வலது இடுப்பு மறுபடியும் பிடித்துக்கொண்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. டீச்சரே நொண்டினால் யார் வருவார்கள்?

ஹால்காரர் வந்தார். அடுத்த வருஷத்துக்கும் ஹால் வேண்டுமா என்று மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டுமாம். "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். இத்தனை வருஷத்தில் யோசிக்கிறேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. விட்டுவிடலாம் போலத்தான் இருக்கிறது.

மார்ச் 4

பால் பொங்கியதற்கு இவர்மேல் எரிந்து விழுந்தேன். "ஊருக்கெல்லாம் மூச்சு விடச் சொல்லித் தர்ற. வீட்ல மட்டும் மூச்சு விடாம திட்டுற!" என்றார். கோபத்திலும் சிரிப்பு வந்து தொலைத்தது.

யோகா டீச்சர்களுக்கென்றே ஓர் ஆசிரமத்தில் ஒரு வார முகாம் நடக்கிறதாம். போய்விட்டு வந்து முடிவு பண்ணு என்கிறார். அங்கே எனக்குப் புதிதாக யார் என்ன சொல்லித் தரப் போகிறார்கள்?

மார்ச் 8, ஞாயிறு — ஆசிரமம்

மானம் போயிற்று. ஆனால் என்னுடையது மட்டுமல்ல.

நடத்துகிற பெண் எங்களைவிடச் சின்னவள். "இடப்பக்கம் திரும்புங்க" என்றாள். ஹாலில் பாதிப் பேர் இடப்பக்கம், பாதிப் பேர் வலப்பக்கம். நானும் பக்கத்துப் பாய்க்காரியும் மூக்கோடு மூக்கு முட்டாத குறை. எல்லாரும் டீச்சர்கள்! எதிரே நிற்பவர்களுக்குக் கண்ணாடி மாதிரி செய்துகாட்டியே பழகிவிட்டோம். வாய் இடது என்னும், உடம்பு வலப்பக்கம் போகும்.

"எல்லா முகாம்லயும் மொத நாள் இதான் கூத்து" என்று சிரித்தாள் அந்தப் பெண்.

மார்ச் 9

பக்கத்துப் பாய்க்காரியின் தோளைச் சரிசெய்யக் கை நீட்டினேன். அதே நேரம் அவள் கை என் தோள்மேல். "விடுங்கக்கா, ரெண்டு பேரும் லீவுல இருக்கோம்" என்றாள்.

மார்ச் 10

இடப்பக்கம் எனக்கு வரவில்லை. கால் வெடவெடவென்று நடுங்குகிறது. யோசித்துப் பார்த்தேன் — வகுப்பில் வலப்பக்கம் செய்துகாட்டுவேன். மறுபக்கம் வரும்போது மற்றவர்களைத் திருத்தப் போய்விடுவேன். பாவம் இந்த வலது இடுப்பு, எல்லாப் பாரமும் அதன்மேலேயே! வயசாகிவிட்டது என்றல்லவா பயந்தேன்?

மார்ச் 12, வியாழன்

வகுப்புக் கடைசியில் எல்லாரும் சவாசனத்தில் படுத்தோம். கண்ணை மூடச் சொன்னது வேறு ஒருத்தி. நான் எப்போதும் அதைச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவள். அழுதுவிட்டேன். வலியா? இல்லை. எனக்காக வேறு யாரோ கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறார்களே, அதற்குத்தான்.

மார்ச் 16

வகுப்பில் பாயைத் திருப்பிப் போட்டு, எல்லாரும் பார்க்கும் திசையையே நானும் பார்த்து நின்றேன். இரண்டு பக்கமும் செய்தேன். "டீச்சர், உங்க முகமே தெரியலையே" என்றார் பின்வரிசை டிரைவர் அண்ணன். "எனக்கும் உங்க முகம் தெரியல. நிம்மதியா இருக்கு" என்றேன். ஒரே சிரிப்பு.

மார்ச் 31, செவ்வாய்

கடிகாரத்தை டிரைவர் அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு நானும் படுத்தேன். கண் விழித்தால் — அண்ணனும் குறட்டை! வாசலில் ஹால்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"எழுப்ப மனசு வரலம்மா."

"அடுத்த வருஷத்துக்கும் ஹால் வேணும்" என்றேன்.

"அதான் நீங்க விட்ட குறட்டையிலேயே தெரிஞ்சுதே!"

வீட்டுக்கு நடந்தே வந்தேன். வாசற்படி ஏறும்போதுதான் இடுப்பின் ஞாபகமே வந்தது. லேசாக வலிக்கிறது. வலிக்கட்டும்.