தலைகீழ் ஜெல்லிமீன்

என் அன்புக்கும் அச்சத்துக்கும் உரியவளே,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பாரிஸ் ஆற்றங்கரையில் இத்தனை வருடமாகப் பழைய இயற்கைப் படங்களை விற்றுப் பிழைக்கும் நான், நம் சாப்பாட்டு அறையில் அந்த ஜெல்லிமீன் படத்தைத் தலைகீழாகத்தான் மாட்டியிருந்தேன்.

விருந்தாளிகள் முன்னால் நீ அதைச் சொன்னபோது, "மீன் பொரிக்கத் தெரிஞ்சா மீனைப் பத்தி எல்லாம் தெரிஞ்சிடுமா?" என்று கேட்டேனே, அந்த வாயை என்ன செய்வது! நீ கோபித்துக்கொண்டு பிரெஸ்டில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ரயிலேறியது நியாயம்தான்.

உன்னைத் தோற்கடிக்கத்தான் இன்று படத்தின் சட்டத்தைக் கழற்றினேன். ஓரத்து அட்டை இதுவரை மறைத்திருந்த மீனின் பெயர், மேல்விளிம்பில் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்துக் கடை ஒடீலிடம் காட்டினேன்.

"அட மனுஷா, வித்ததையும் இப்படித்தான் மாட்டச் சொல்லிக் குடுத்தியா? ஊருல எத்தனை வீட்டுல எதெது கவுந்து தொங்குதோ! முதல்ல அவ கால்ல விழுந்து கூட்டிட்டு வா."

மாலைக்குள் கரை முழுக்கச் சிரித்து முடித்துவிட்டது. எல்லோரும் உன் கட்சி.

படத்தைத் திருப்பி மாட்டிவிட்டேன். இப்போது குடை மேலே, இழைகள் கீழே. அதன் எதிரே தனியாக உட்கார்ந்தால் ரொட்டி தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. வந்துவிடு, கண்ணே.

உன்னிடம் தோற்ற கணவன்

பி.கு.: அந்தப் பெயரைப் புத்தகத்தில் தேடினேன். வரைந்தவர் அழகுக்காக நிமிர்த்தி வரைந்திருக்கிறார். இந்த இனம் கடலடியில் இழைகளை மேலே நீட்டிக்கொண்டு மல்லாந்துதான் கிடக்குமாம்.