ஆரஞ்சுச் சட்டை அப்பா

மரக்காணம்,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை

என் அன்பு மாமாவுக்கு, கீதாஞ்சலி எழுதுவது. நானும் பாப்பாவும் சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா?

வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதீர்கள். போனில் பேசினால் உங்கள் ரூமே கேட்கிறது. மெசேஜ் போட்டால் கட்டைவிரல் படத்தோடு முடித்துவிடுகிறீர்கள். அதனால்தான், லீவு முடிந்து சிங்கப்பூர் திரும்பும் கூனிமேடு அன்சாரி அண்ணனிடம் கருவாட்டோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

கிரேன் பக்கத்தில் நின்று நீங்கள் போட்ட வீடியோ செம! முதல் லைக் என்னுடையதுதான், பார்த்தீர்களா? கீழே ஒருவன், "பெர்மிட் முடிஞ்சா போற ஆளுங்கதானே, இன்னாத்துக்கு இவ்ளோ சீனு?" என்று கமெண்ட் போட்டிருந்தான். விடுவேனா? "அவங்க ஒரு நாள் லீவு போட்டா அந்த ஊர்ல ஒரு மாடி எழும்பாதுடா" என்று போட்டேன். ஆள் காணாமல் போய்விட்டான்!

இங்கேயும் அதே கதைதான். உப்பளத்தில் வரப்பு கட்ட ஆம்பளை ஆள் இல்லை என்று மேஸ்திரி புலம்புகிறார். ரோடு அகலப்படுத்த பீகாரிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள்.

முந்தாநாள் உப்பள வேலை முடிந்து வரும்போது, அவர்களில் ஒருவர் ஆரஞ்சுச் சட்டையும் மஞ்சள் ஹெல்மெட்டுமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். நம் தன்ஷிகா என் கையை உதறிவிட்டு ஓடி, "அப்பா!" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டாள். "ஏண்டி, உன் புருஷன் எப்போ இந்திக்காரன் ஆனான்?" என்று கூட வந்த பொன்னி அக்கா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி இவள் தலையில் வைத்தார். அவர் முகத்தைப் பார்த்து வீறிட்டாள். பாவம், பதறிப்போய் மறுபடி மாட்டிக்கொண்டார். உடனே அழுகை நின்றுவிட்டது!

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நீங்கள் போன பிறகு பிறந்தவள். வேலை இடைவேளையில் வீடியோ காலில் மட்டுமே உங்களைப் பார்த்தவள். அவளுக்கு அந்தச் சட்டையும் ஹெல்மெட்டும்தான் அப்பா.

பெர்மிட்டை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றீர்கள். வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மழைக்காலத்தில் உப்பளம் மூடிவிட்டால் நமக்கு என்ன இருக்கிறது? போடுங்கள் மாமா. ஆனால் அதற்கு முன்னால் லீவு வாங்கி, ஒரு மாசமாவது வந்துவிட்டுப் போங்கள். உங்களைப் பார்த்ததும் அழுவாள். அழட்டும். உங்கள் தோளிலேயே அழுது ஓயட்டும்.

வழி பார்த்திருக்கும்
உங்கள் கீதாஞ்சலி